பாஸ்டருக்கு ஒரு சாட்சி

எங்கள் குப்பத்தில் இருபத்தாறு வருஷம் ஊழியம் செய்த பாஸ்டர், ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நாங்கள் அவரை விரட்டினோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஜெபக்கூடத்துக்குப் போவோம், பாட்டுக்குக் கை தட்டுவோம், டீயும் பன்னும் வாங்கிக்கொள்வோம். ஆடி மாசம் வந்தால் அதே ஆட்கள் அம்மன் கோயில் கூழுக்குச் சொம்போடு நிற்போம். நான் இன்னும் ஒரு படி மேலே. ஜெபக்கூடத்தில் கஞ்சிரா வாசித்தவன் நான்தான். பாட்டு ஒரு பக்கம் போகும், என் தாளம் இன்னொரு பக்கம் போகும். பாஸ்டர் ஒருநாளும் திட்டியதில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எண்ணூர் சாலை ஓரமாக மெகாபோனைப் பிடித்து "மனந்திரும்புங்க" என்று அவர் ஆரம்பித்தால், கன்டெய்னர் லாரிக்காரன் அடிக்கிற ஹாரனில் மிச்சம் போய்விடும். எங்கள் ஆட்கள் அவர் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவார்கள். சைக்கிள் கூடையில் செத்த நண்டைப் போட்டு வைப்பார்கள். அவர் வேட்டி காய்கிற கயிற்றிலேயே கருவாட்டைத் தொங்கவிடுவார்கள். அன்றைக்கு முழுக்க அவர் பிரசங்கத்தில் கருவாட்டு வாசனை. ஆனால் விசைப்படகு இன்ஜினில் எவன் கையாவது மாட்டிவிட்டால், ராத்திரி பகல் பார்க்காமல் அவர் கதவைத்தான் தட்டுவோம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசுகிற தைரியம் எங்களில் எவனுக்கும் கிடையாது.

கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருந்த வருஷங்கள் அவை. கரையில் பாறாங்கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவரை அனுப்பிவைத்த சங்கத்திலிருந்து தகவல் வந்தது. நீண்டகால ஊழியத்துக்காக அவருக்குப் பாராட்டு விழா. செயலாளர் தலைமையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் ஊரிலிருந்து வருகிறார்கள். அப்படியே, இங்கே ஊழியம் தொடர வேண்டுமா, இழுத்து மூட வேண்டுமா என்றும் பார்த்து முடிவு செய்வார்கள்.

மூடினால் ஜெபக்கூடத்தோடு அவர் குடியிருந்த அறையும் போய்விடும். பாஸ்டர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"எம் பொண்டாட்டி காசிமேட்டுக் கல்லறையில படுத்துக் கெடக்கா. அவளை விட்டுட்டு நான் எங்கலே போவேன்?" என்று என்னிடம் கேட்டார். அவர் எங்களிடம் எதையாவது கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் உதவியாகக் கேட்கவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார்.

இந்த மாதிரி விழாவில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டரால் மனம் மாறிய யாராவது மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத விழா, பொண்ணு இல்லாத கல்யாணம். எங்களிடமோ பொண்ணே கிடையாது. படகு பழுது பார்க்கிற கொட்டகையில் கூடிப் பேசினோம்.

"நான் நிக்கிறேன்" என்றேன்.

வலை தைத்துக்கொண்டிருந்த என் தோஸ்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒம் மூஞ்சப் பாத்தா பேயி இன்னும் உள்ளதான் கீதும்பாங்க. கம்முனு குந்து."

"நான் சொல்றேன்" என்று ஒரு குரல். மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்கா. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். குப்பத்திலேயே பெரிய வாய் அவளுடையது. பாஸ்டரையும் வாரத்துக்கு ஒருமுறை திட்டுவாள். தோஸ்து இப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"சாட்சின்னா மொதல்ல பேய் புடிச்சிருக்கணும்க்கா. அப்பதான் வேன்ல வரவங்க அழுவாங்க" என்றான் தோஸ்து.

"என்னியப் புடிக்கிற பேயி எங்கடா கீது?"

"ஒங்கிட்டேர்ந்து அந்தப் பேயத்தான் பாஸ்டரு ஜெபம் பண்ணிக் காப்பாத்தினாருன்னு சொல்லேன்."

விழா அன்று வெயில் கொளுத்தியது. அனல்மின் நிலையச் சாம்பல் சாமியானா மேல் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் பாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, கழுத்து தெரியாமல் போனது. அவர் வியர்வையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். செயலாளர் மைக்கைப் பிடித்தார். பாறை நிலத்தில் விதைத்த தியாகி என்று ஐயாவைப் புகழ்ந்தார். பாறை என்று சொல்லும்போது எங்களைப் பார்த்தார். நான் கஞ்சிராவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஐயாவின் ஊழியத்தில் விளைந்த கனி யாராவது?" என்றார்.

அக்கா இரவல் வெள்ளைப் புடவையில் மேடையேறினாள். "எனக்குப் பேய் புடிச்சிகினு இருந்திச்சி" என்று ஆரம்பித்தாள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததற்கு மேல் அவளே நாலு பேய் சேர்த்துக்கொண்டாள். வேனில் வந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தோஸ்து என் தொடையைக் கிள்ளினான். ஜெயித்துவிட்டோம்.

பாஸ்டர் எழுந்தார். பொன்னாடைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"இந்தம்மா சொல்லுதது பொய். இவளுக்குப் பேயும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. எம்மேல எரக்கப்பட்டுச் சொல்லுதா. இத்தனை வருசத்துல இங்க ஒருத்தரும் வரல. அதான் சத்தியம்."

வேனில் வந்தவர் ஒருவர் பழக்கதோஷத்தில் கை தட்டிவிட்டார்.

செயலாளர் ஐயாவின் நேர்மையை மெச்சினார். அதே மூச்சில், இந்த மாசத்தோடு இங்கே ஊழியம் நிறைவு பெறுகிறது என்றார். நினைவுப் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். பிறகு பிரியாணி. நாங்கள் சாப்பிட்டோம். நான் இரண்டாவது தடவையும் வாங்கினேன்.

அக்கா சாமியானாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "பேய்க் கதைய முடிச்சிட்டு நெசத்த சொல்லலாம்னு இருந்தேன்டா" என்றாள். "எங்காளு பொணம் ஒதுங்குற வரிக்கும் அந்தாளு சோறு தண்ணி இல்லாம கரையாண்டயே குந்தினு கெடந்தாரு. அன்னிலேர்ந்து அவரு சாமியத்தான் கும்பிட்டுகினு கீறேன்."

"இன்னாக்கா, சொல்லவேயில்ல?"

"சொன்னா உட்டு வெப்பீங்களா? நண்டப் போட்டவனுங்கதானே நீங்க."

சாயந்திரம் போய்ப் பாஸ்டரிடம் சொன்னேன். பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அப்போ ஒருத்தி இருந்தாளாலே" என்றார்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார். அக்கா அருவாமணை முன்னால் குந்தி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாயி, தப்புப் பண்ணிட்டேன். நீ சம்மதிச்சா இன்னைக்கே ஞானஸ்நானம் தாரேன்."

அவள் நிமிரவில்லை. "அத்தினி வருசம் நீ கூப்ட்ட, நான் வரல. நேத்து நான் வந்தேன். அத்தினி பேரு முன்னாடி பொய்க்காரின்ட்ட. சரியாப்பூட்ச்சி. தள்ளு, யாவாரத்த மறைக்காத."

அவர் நகரவில்லை. பையோடு வந்த ஒருவர் அவரை மீன்காரர் என்று நினைத்து, "பெரியவரே, சங்கரா என்ன விலை?" என்றார். பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

"அந்தம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

மாசக் கடைசியில் அவர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினேன். டீக்கடையில் எவனோ "போயிட்டு வாரும்வே" என்று அவர் குரலிலேயே சொன்னான். எழும்பூர் போகிற வழியில் காசிமேட்டில் நிறுத்தச் சொல்லி, கல்லறைக்குள் தனியாகப் போய்விட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. சாலைப் புழுதி என்றார்.

அடுத்த மழைக்காலத்திலேயே அவர் இறந்த செய்தி வந்தது. மார்க்கெட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"பொண்டாட்டியாண்டவா பொதைச்சாங்க?"

"இல்லக்கா. ஊர்லயே."

"பேமானிங்க" என்றாள். அப்புறம் அடுத்த மீனை எடுத்து வாலை நறுக்கினாள்.