மடுல்சீமை ரோடு எப்படி?

போன செவ்வாய்க்கிழமை ஊர் ரோட்டு நிலவரம் சொல்லும் எங்கள் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றினேன். சின்ன வேலைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்படி நினைத்தவர்கள் எல்லோரும் பட்டினி கிடந்திருக்கிறார்கள். நானும் கிடந்தேன்.

பிற்பகல் டெலிபோன் அடித்தது. டொரொண்டோவிலிருந்து ஒருவர். அங்கே இன்னும் விடிந்திருக்காது.

“ரீட்டா அக்காவா? என்னங்க, ரோட்டையே மூடிட்டீங்க!”

“ரோடு திறந்துதாங்க இருக்கு. சைட்தான் மூடியிருக்கு.”

“அப்ப மடுல்சீமைக்குப் பஸ் போகுதுல்ல?”

“போகுதுங்க. நீங்க எப்ப வர்றீங்க?”

“நான் எங்கங்க வர்றது... லீவு கிடைக்காது. சும்மா கேட்டேன்.”

வைத்துவிட்டார். எங்கோ பனியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மடுல்சீமை ரோடு எதற்கு? யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. போகிற வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றைய வேலையைப் பார்க்கலாம். அவ்வளவுதான் போலிருக்கிறது.

‘நீங்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள்?’ என்று இந்தப் பத்தியின் வாசகர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். டொரொண்டோக்காரர் புண்ணியத்தில் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லொறி ட்ரைவர். அம்மா கொழுந்து எடுத்தவர். நான் பதுளையில் படித்தேன். அங்கே ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். கீழே பனிஸ் வேகும் வாசனை, மேலே பசித்த வயிற்றோடு நாங்கள். இப்போதும் புதிய புரோகிராம் எழுத உட்கார்ந்தால் எனக்குப் பசிக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் வேலை கிடைத்தது. ஹோட்டல்களுக்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. நான் பார்த்தே இராத கடற்கரை ஹோட்டல்களுக்கு ‘சொர்க்கத்துக்கு வாருங்கள்’ என்று பக்கம் பக்கமாகச் செய்தேன். யார் போனார்களோ தெரியாது.

ஒரு டிசம்பரில் லீவு எடுத்து ஊருக்குப் புறப்பட்டேன். பதுளை வந்து, பசறை வந்து, அங்கே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மடுல்சீமை ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. முதல் நாளே சரிந்ததாம். கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பெட்டி, பை, கேக்கோடு மழையில் இறங்கி நின்றோம்.

நடந்தும் வேறொரு லொறியில் தொற்றியும் ஒருவழியாக மடுல்சீமைக் கடைவீதிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பிலோமினா அக்காவின் கொமியுனிகேஷன் கடை. டெலிபோன், ஃபோட்டோ கொப்பி, மூலையில் துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டர். அக்கா தலை துவட்டத் துண்டு கொடுத்தார்.

“நேத்தே சரிஞ்சிருக்கே அக்கா... கொழும்புல இருக்கிறவங்களுக்கு யாராச்சும் சொல்லக் கூடாதா?”

“யாருடி எங்களக் கேட்டா? கேட்டாத்தானே சொல்ல!”

என் வாழ்க்கையை மாற்றிய வாக்கியம் இதுதான். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்?

கொழும்புக்குத் திரும்பியதும் ஒரு பக்கம் செய்தேன். பெயர் ‘ரோடு எப்படி?’ பிலோமினா அக்கா காலையில் கடையைத் திறந்ததும் கம்ப்யூட்டரின் துணியை எடுத்து, இன்டர்நெட் கத்திக் கதறி இணையும் வரை காத்திருந்து, இரண்டு வரி எழுதுவார். கீழே யாரும் கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான் தளம்.

ஆனால் அக்கா எழுதியது ஆங்கில எழுத்தில். அன்றைக்கு இன்டர்நெட்டில் தமிழ் படிக்க வேண்டுமானால் தளத்துக்குத் தளம் வேறு ஃபொன்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான். எனவே எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். ஒருநாள் அக்கா போட்டார்: ‘malai iranguthu.’

கொழும்பில் இருந்தவர்கள் ‘மலை இறங்குது’ என்று படித்துப் பதறிவிட்டார்கள். எந்த மலை? எந்தப் பக்கம்? யாருக்கு என்ன ஆனது? கடைக்கு டெலிபோன் மேல் டெலிபோன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. “மழதாங்க இறங்குது! எப்பவும் இறங்குறதுதானே!”

அன்றைக்குத்தான் சிவபாலன் ஐயா முதல் முறையாகத் தளத்தில் எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரர்; பதுளையில் அரசாங்கக் கிளார்க்காகப் பல காலம் இருந்து, பென்ஷன் வாங்கி, அங்கேயே தங்கிவிட்டவர். ‘மலைக்கும் மழைக்கும் வித்தியாசம் காட்டத் தெரியாத ஒரு தளம் மலைநாட்டுக்கு எதற்கு?’ என்று கேட்டிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து வந்த லீவு நாட்களையெல்லாம் செலவழித்து, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் எழுத்து வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். நான் உருப்படியாக எழுதிய முதல் புரோகிராம் அது. காரணம், ஒரு ழகரம்.

அப்புறம் தளம் என் கையில் நிற்கவில்லை. நமுனுகுலக்காரர்கள் வந்தார்கள். லுணுகலைக்காரர்கள் வந்தார்கள். ரோட்டைக் கேட்க வந்தவர்கள் கல்யாணம் சொன்னார்கள், துக்கம் சொன்னார்கள், கிரிக்கெட்டுக்காக அடித்துக்கொண்டார்கள். சண்டை முற்றினால் ஒரே குரலில் கூப்பிடுவார்கள்: ‘அட்மின் அண்ணே, வந்து கேளுங்க!’

ஆமாம். அண்ணே. நான் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் இன்டர்நெட்டில் ஒரு பெண் பெயரைக் கண்டால் என்ன மாதிரி மெயில்கள் வரும் என்று பெண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணனாக இருப்பது நிம்மதியாக இருந்தது. பிலோமினா அக்காவுக்கும் சிவபாலன் ஐயாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும்.

ஒரு தீபாவளிக்குக் கொழும்பிலிருந்த உறுப்பினர்கள் சேர்ந்து பஸ் ஒன்று பிடித்தார்கள். ஏற்பாடு யோகராஜா. புறக்கோட்டையில் துணிக்கடை வேலை, வாரத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மறக்கிற மனிதர். பஸ் தீபாவளிக்கு முதல் நாள் காலையில் புறப்பட்டது. நான் அதற்கு முன்பே பதுளைக்கு வந்து, சிநேகிதி ஸ்டெல்லா வீட்டில் தங்கியிருந்தேன்.

மத்தியானம் பிலோமினா அக்காவிடமிருந்து டெலிபோன்.

“ரீட்டா, நம்ம ரோட்டு வளைவுக்கு மேல வெடிச்சிருக்கு. கொழுந்தெடுக்கப் போன பொம்பளைங்க வந்து சொன்னாங்க. நானும் போய்ப் பாத்துட்டு வந்தேன். கீழ ரோட்டோரமா செந்தண்ணியா ஊறுது.”

“மழையினால ரோடு வெடிச்சிருக்கா?”

“மழ இல்லடி, மல! நான் நிக்கிறேனே, இந்த மல!”

“பஸ் ஓடுதா?”

“ஓடுது. யாரும் நிப்பாட்டல. சொல்ல வேண்டிய எடத்துக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். லீவு முடிஞ்சு வந்து பாக்குறாங்களாம்.”

உடனே டெலிபோனில் சிவபாலன் ஐயாவைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, அவசரப்படாதையும். ரோட்டை ஒருத்தரும் மூடேல்லை. நீர் மூடினா அது வதந்தி. பிழையாப் போனா உம்மட தளத்தை இனி ஆர் நம்புவினம்?”

அவர் சொன்னது நியாயம். பிலோமினா அக்கா சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது... உள்ளே குழந்தைகள் வேறு.

யோகராஜாவின் கைப்பேசிக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். பண்டாரவளையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்தில் கிடைத்தார்.

“யோகராஜா, பதுளைக்கு அங்கிட்டுப் போகாதீங்க. பஸ்ஸ பதுளையில நிப்பாட்டுங்க. நான் அட்மின் பேசுறேன்.”

அவர் மரியாதையாகக் கேட்டார்: “நீங்க... அண்ணேட மிஸிஸுங்களா? அண்ணேகிட்ட ஃபோன குடுங்க.”

“அண்ணேன்னு யாரும் இல்ல. நான்தான்.”

“வெளையாடாதீங்க மிஸ். பஸ்ஸுல பொம்பளப் புள்ளைங்க இருக்கு. யார் யாரோ சொல்றதக் கேட்டு நிப்பாட்ட ஏலாது.”

வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. எப்படி நம்பவைப்பது?

“போன வாரமும் பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு எழுதுனீங்களே... புதுசா ஒரு நடிகை பேர வச்சீங்க. எந்த நடிகைன்னு சொல்லவா?”

“ஐயோ, வேணாம் வேணாம்! வைஃப் பக்கத்துல நிக்கிறாங்க. நிப்பாட்டுறேன், அண்ணே!”

ஸ்டெல்லா ஓடிப்போய்ச் சர்ச் ஃபாதரிடம் கேட்டு, கூட்டம் நடத்துகிற ஹோலைத் திறந்து வைத்தாள். மாலையில் பஸ் வந்தது. புதுத்துணிப் பைகள், பலகாரப் பெட்டிகள், தூங்கி விழும் குழந்தைகள்... எல்லோரும் இறங்கினார்கள். யோகராஜா என்னைக் காட்டி, “இவங்கதான் அட்மின்... அண்ணே,” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சரோஜா என்று ஓர் அம்மா. வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர், வெகுகாலம் கழித்து ஊருக்குப் போகிறவர். பையை வைத்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

“மடுல்சீம பஸ் போய்ட்டுத் திரும்பியும் வந்துருச்சு. ஒரு கல்லுகூட விழல. எம் புள்ள எண்ணெ காய்ச்சி வச்சுட்டு வாசல்ல நிக்கும். நீங்க கம்ப்யூட்டருல வெளையாட எங்க தீவாளிதான் கெடச்சுதா?”

வெளியே மழைகூட விட்டிருந்தது. ஒரு கணம், உண்மையைச் சொல்கிறேன், அந்த மலை கொஞ்சம் சரிந்தால் தேவலை என்று தோன்றியது. தோன்றிய மறுகணமே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போது சிவபாலன் ஐயா வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பெரிய சட்டி நிறைய அவர் மனைவி கொடுத்துவிட்ட சோறும் கறியும். வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“நிப்பாட்ட வேண்டாமெண்டு இந்தப் பிள்ளைக்குச் சொன்னது நான்தான்,” என்றார். “ஆனா ஒண்டு கேக்கிறன். மலை விழேல்லையெண்டு ஏன் கோவிக்கிறியள்? விழுந்திருந்தா சந்தோசமோ?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே சுற்றி வந்தது. சரோஜாம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சோறு ஆறுது,” என்று சொல்லிச் சட்டியை வாங்கிக்கொண்டார். ‘மலையா மழையா’ சண்டை போட்டவர்கள், கிரிக்கெட்டில் ஜென்ம விரோதிகளானவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் முதல் முறையாகப் பார்த்தபடி ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘நீதானா அது!’ என்ற சத்தம்தான் எங்கே திரும்பினாலும். சர்ச் ஹோலில் தீபாவளி. ஃபாதரும் ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வளைவுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தேயிலைக்குள் போகிற குறுக்குப் பாதையில் ஏறி நடந்தோம். பிலோமினா அக்கா வழியில் காத்திருந்து வெடிப்பைக் காட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் வாயைத் திறந்த மாதிரி நீளமாகப் போயிருந்தது. சிவபாலன் ஐயா எங்களோடு வந்திருந்தார். குடையை உள்ளே விட்டுப் பார்த்தார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

சரோஜாம்மா குனிந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கி முடிக்கும் வரை விடவில்லை.

அந்தப் பக்கம் அப்பா லொறியோடு நின்றார். புதுச் சேலையும் புதுச் சட்டையுமாக ஒரு கூட்டமே மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்து, “கொழுந்து மூட்டைன்னா பேசாம வரும். இது என்ன, இம்புட்டுச் சத்தம்?” என்றார். ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு லயத்து வீட்டு வாசலிலும் இறக்கினார்.

அந்த வளைவு இன்றுவரை விழவில்லை. லீவு முடிந்ததும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் மாறி மாறி அதிகாரிகளிடம் போய், எழுதி, கேட்டு, நின்றோம்; கடைசியில் அவர்கள் வடிகால் வெட்டி மதில் கட்டினார்கள். சிவபாலன் ஐயாவுக்கு இதில் ஒரு திருப்தி. “இப்ப உம்மட தளம் மூடச் சொன்னாலும் மூடுவினம்,” என்பார்.

வேலை? ஹோட்டல்களைச் சொர்க்கமாக்குவதில் எனக்கு மனம் போகவில்லை. தமிழில் தளம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்குச் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். முதலில் கொழும்பிலிருந்து, நல்ல இன்டர்நெட் லைன் கிடைத்த பிறகு பதுளையிலிருந்தே. அப்பாவுக்கு இன்னமும் என் வேலை என்னவென்று விளங்கவில்லை. கேட்பவர்களிடம், “டெலிபோன் மாதிரி ஒண்ணு, ஆனா கை வலிக்கும்,” என்கிறார். இதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தத் தீபாவளி முடிந்து திரும்பியதும், தளத்தில் ‘அட்மின்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரீட்டா’ என்று என் பெயரைப் போட்டேன். மெயில்கள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வந்தன. ஆனால் வேறு மாதிரி. ‘பசறை சிங்கம்’ உண்மையில் ஒரு டீச்சராம். ‘லுணுகலை ராஜா’ ஒரு நர்ஸாம். கிரிக்கெட்டில் எல்லோரையும் அடித்து நொறுக்கும் ‘தம்பி’க்கு இரண்டு பேத்திகளாம். பெயரை மாற்றித் தரச் சொல்லி ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளத்தில் பாதி அண்ணன்மார் அக்காமார் ஆகிவிட்டார்கள்.

சண்டை மட்டும் குறையவில்லை... கொஞ்சம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.