டின்னுக்குள் எரிந்த இரண்டாவது பல்பு

ரிப்பேர்க்காரன் பெயர் நாலு பேருக்கு ஞாபகம் வருவது சாமான் செத்த பிறகுதான். இது தொழிலில் இருக்கிற உங்களுக்கும் தெரியும்.

புகைந்த பெட்டி

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை. கரண்ட் ஒருமுறை போய் வந்ததில் டாக்டரம்மாவின் மெஷின் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி புகைந்துவிட்டது. தலவாக்கலையில் இருக்கும் என் கடைக்கு ஆள் வந்தது. த்ரீவீலரில் போய் இறங்கினேன்.

வரிசையில் முதல் ஆளாக எங்கள் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை. ஒரு கண் போய்விட்டது, மற்றதிலும் புரை. அன்று பார்த்தவர்களை மட்டுமே ஒப்பரேஷனுக்கு எழுதுவார்களாம். முப்பது வருஷத்துக்கு முன் நான் பேக்டரியில் கரண்ட் வேலை கேட்டபோது, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும், "அஞ்சாங் கிளாஸுக்குக் கரண்ட் தெரியுமோ?" என்று சிரித்த மனிதர். நான் மறக்கவில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்:

"யாருப்பா வந்திருக்கிறது? படிச்ச ஆளுதானே?"

முரண்டு பிடித்த பல்பு

அது ஆறு வோல்ட் பல்பு. என் பையில் ஆறு வோல்ட் சார்ஜர் ஒன்று இருந்தது. மாட்டினேன். பளிச்சென்று ஒரு வெட்டு, உடனே இருட்டு. மறுபடியும் அதேதான். குளிர்ந்து கிடக்கிற பல்பு முதல் இழுப்பில் அளவுக்கு மேல் இழுக்கும். இந்தக் காலத்துச் சார்ஜர் பயந்து கதவைச் சாத்திவிடும். டாக்டரம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். கோயில் தலைவர் சும்மா இருப்பாரா?

"செல்லமுத்தண்ணே, பல்பு கண்ணடிக்குது. வரிசையில இருக்கிற கெழவிங்க எல்லாம் வெக்கப்படுறாங்க!"

பாதிச் சுமை

த்ரீவீலர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அது பன்னிரண்டு வோல்ட். நேராகக் கொடுத்தால் பல்பு போய்விடும். மெஷின் பெட்டிக்குள் அதே மாதிரி மாற்று பல்பு ஒன்று இருந்தது. இருந்தது அந்த ஒன்றுதான், டாக்டரம்மா தயங்கித்தான் கொடுத்தார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். பன்னிரண்டு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு ஆறு. பேட்டரிக் கரண்டா, வீட்டுக் கரண்டா என்று பல்பு பார்க்காது. அளவு சரியாக இருந்தால் போதும். இரண்டாவது பல்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் இருக்க, அதை வெறும் பால்மா டின்னுக்குள் நிறுத்தினேன். மெஷின் விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ஐயா, உந்த டின்னுக்குள்ள இருக்கிறது ஏன் சும்மா எரியுது?" என்றார். "சும்மா இல்லீங்க, பாதிச் சுமையை அதுதான் தூக்குது" என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்களுக்குப் படிப்பிச்ச ஒருத்தரும் இதைச் சொல்லித் தரேல்லை, ஐயா."

முதல் ஆள்

கணக்கப்பிள்ளை மெஷின் முன் உட்கார்ந்தார். பேட்டரி முனையில் அழுத்திப் பிடித்த வயர் என் கையில், விட்டால் விளக்கு அணையும். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் என் விரல் அரித்தது. ஆனால் என் விளக்கு என் கையாலேயே அணைவதா? கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்து முடித்து, "இந்தக் கண்ணைக் காப்பாத்தலாம்" என்று அவர் பெயரை எழுதினார்.

எழும்பும்போது கணக்கப்பிள்ளை, "லைட்டுப் போட்டது யாரு?" என்று கேட்டார். "செல்லமுத்துங்க. அஞ்சாங் கிளாஸ்" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். பிறகு என் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு ஒன்ன பேக்டரில எடுத்திருந்தா, இன்னைக்கு எனக்கு யாரு லைட்டுப் போடுறது? நான் யோசிச்சுத்தான்டா செஞ்சேன்!"

அவருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குக் கண் தெரிகிறதாம். என் முப்பது வருஷக் கோபத்தையோ நான் அணைக்கவில்லை, டின்னுக்குள் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.