பூ கொட்டும் பொம்மையை யார் செய்தது?

ஊறிய பழைய பேப்பரும் வெந்தயமும் சேர்ந்து ஆட்டுரலில் அரைபடும்போது ஒரு வாசனை வரும். கசப்பும் அச்சு மையும் கலந்த வாசனை. எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க அந்த வாசனைதான்…

இன்னொரு பக்கம் அடுப்பில் வெல்லப்பாகு. முறத்தில் வறுத்துத் தோல் புடைத்த வேர்க்கடலை.

இதெல்லாம் நேற்று திடீரென்று நினைவுக்கு வரக் காரணம் என் அத்தை மகன் சேகர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டான். கையில் பூக்கூடை ஏந்திய ஒரு பொம்மை. கீழே, "பசங்க நாங்க சேந்து செஞ்ச பூ கொட்டும் பொம்மை. பொண்ணுங்க எல்லாம் சந்தோஷமா கடலை உருண்டை புடிச்சுக் குடுப்பாங்க. அதெல்லாம் ஒரு காலம்!" என்று எழுதியிருந்தான். வரிசையாக எல்லோரும் கைகூப்பினார்கள்.

நான் கூப்பவில்லை. இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு… சித்திரையில் எங்கள் கோயிலில் வசந்த உற்சவம். சாமி மகிழ மரத்தைச் சுற்றி வரும்போது ஒரு பொம்மை மேலேயிருந்து பூவைக் கொட்டும். அதைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகள் நாங்கள் தெருவில் ஒரு குட்டி உற்சவம் நடத்துவோம். மூங்கில் குச்சியிலும் கலர் பேப்பரிலும் சப்பரம், உள்ளே களிமண் சாமி. பொம்மை மட்டும் இருந்ததில்லை.

அந்த வருடம் நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கிளை நூலகத்தில் ஒரு கைவேலைப் புத்தகத்தில் காகிதக்கூழ் செய்முறை கிடைத்தது. கூழைக் கவிழ்த்த சொம்பின்மேல் அப்பி, நிழலில் காயவைத்து உருவினால் உடம்பு. தலையும் கையும் கூடையும் தனித்தனியாக. என் பழைய பாவாடையைக் கிழித்து அதற்கொரு பாவாடை. நூல் தீர்ந்த கட்டை ஒன்றைக் கப்பியாக்கி, மாடியோரம் வாசல்மேல் நீண்ட வேப்பங்கிளையில் கட்டி, பொம்மையைத் தொங்கவிட்டேன். எங்கள் மொட்டை மாடியில் நின்று கயிற்றை இழுத்தால் கூடை கவிழும்.

பத்தாவது படித்த சேகர் வந்து பார்த்தான்.

"ஏய் லைப்ரரி, சூப்பரா கீதுடி! நாளைக்கு நான் இழுக்கறேன். நீ போயி உருண்டை புடி."

"செஞ்சது நானு. கயிறும் நான்தான் இழுப்பேன்."

அவன் போய் அவன் அப்பாவை அழைத்து வந்தான். மாமா கோபக்காரர் இல்லை. சிரித்தபடியே சொன்னார்: "சாமி கீழ போறப்ப பொட்டப் புள்ள மேல நிக்கலாமா கலா? பசங்க பாத்துக்கட்டும்."

"பொம்மை மேலதானே தொங்குது மாமா? அது பாவாடைதானே கட்டினு இருக்குது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போனால்… பொம்மைக்கு அடுப்புக்கரியால் மீசை! பாவாடையைக் காணோம். இடுப்பில் சேகரின் கர்ச்சீப், வேட்டியாக.

"இப்ப ஆம்பளை ஆயிட்டான். இப்ப நான் இழுக்கலாம்ல?" கீழேயிருந்து சேகர். பின்னாலேயே பசங்களின் சிரிப்பு.

நான் அழவில்லை. அழுதேன் என்று அவன் சொல்வான், நம்பாதீர்கள். ஈரத்துணியால் மீசையைத் துடைத்தேன். பாவாடையைத் தேடியெடுத்துக் கட்டினேன். உருண்டை பிடித்துக்கொண்டிருந்த என் தோழி கிரிஜா, விஷயம் கேள்விப்பட்டு அப்படியே மேலே ஓடி வந்தாள். மாடிக் கதவை எங்கள் பக்கமிருந்து தாழிட்டோம். அவள் கூடையில் பூவை நிரப்பினாள். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தரை சுட்டது. இறங்கவில்லை.

சாயங்காலம் சப்பரம் எங்கள் வாசலில் வந்து நின்றது. "இறங்குடி!" என்று பசங்க கத்தினார்கள். அதுவரை "விட்டுத் தொலையேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, உருண்டைக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சேகரு, உருண்டை வேணுமா, வேணாமா?"

"வேணும் அத்தை."

"அப்போ அவளே இழுக்கட்டும். கம்முனு சப்பரத்தைத் தூக்கு."

சப்பரம் நகர்ந்தது. இழுத்தேன். கூடை கவிழ்ந்தது…

பூ கொட்டவில்லை. மொத்தமும் ஒரே கட்டியாக, தொப்பென்று சாமி தலையில் விழுந்தது. களிமண் சாமி சாய்ந்தே போனார்.

கிரிஜா பாகுக் கையைக் கழுவாமலே பூவை அள்ளிப் போட்டிருக்கிறாள்!

"பூ கொட்டச் சொன்னா உருண்டை போடுது பாரு!" என்றான் சேகர். தெருவே சிரித்தது.

எனக்குக் காது சுட்டது. ஆனால் ஒன்று புரிந்தது. இப்போது இறங்கினால் எந்த வருடமும் இந்தக் கயிறு எங்களுக்குக் கிடைக்காது. சுவரைப் பிடித்து எட்டிக் கத்தினேன்.

"சப்பரத்தைத் திருப்புங்க! கோயில்ல மட்டும் சாமி ஒரு சுத்தோடவா நிறுத்தறாரு? இன்னொரு சுத்து வாங்க!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சாய்ந்த சாமியை நிமிர்த்தி வைத்தார். "திருப்புங்கடா" என்றார்.

கிரிஜா கை கழுவினாள். புதுப் பூ. இழுத்தேன். சாமந்தியும் அரளியும் உதிர்ந்து உதிர்ந்து விழுந்தன… சப்பரத்தின்மேல், மாமாவின் வழுக்கையின்மேல், சேகரின்மேலும்தான். அம்மா குண்டானைத் திறந்தாள். அதற்குப் பிறகு, எனக்குக் கல்யாணமாகும் வரை, ஒவ்வொரு சித்திரையிலும் கயிறு பெண்களிடம்தான் இருந்தது.

இப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறேன். கடலை உருண்டை பளபளக்கும் கவரில் வருகிறது. பொம்மை செய்யும் அட்டையை வெட்டி, பசையோடு டப்பாவில் விற்கிறார்கள். என் பேத்தி அரை மணியில் ஒட்டி முடிக்கிறாள், அழகாகவும் இருக்கிறது. அந்தக் கசப்பு வாசனைதான் எதிலும் இல்லை…

அந்தக் காலத்தில் பெண்கள் சந்தோஷமாக உருண்டை பிடித்தார்களாம். பிடித்தோம். மாடியும் ஏறினோம்.

சேகர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொம்மையின் உதட்டுக்கு மேலே மங்கலாக ஒரு கரிக்கறை தெரியும். எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

அந்தப் பொம்மையில் அவன் செய்தது அது மட்டும்தான்.