அத்தை நாள், மாமா நாள்

இந்தத் தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை. பிள்ளைகளும் இரண்டு. மெயின்லேண்டில் அவர்களுக்கு ஓர் அத்தை, ஒரு மாமா. வீடு கொள்ளாமல் போனது இந்தக் கடைசி இரண்டு பேரால்தான்.

விமானத்தில் வந்தால் பதினைந்து கிலோவோடு விட்டுவிடுவார்கள். அதனால் இருவரும் கப்பலில்தான் வருவார்கள். "மூணு நாள் வாந்தி எடுத்தா என்ன, மூட்டையக் கொண்டாரலாம்ல?" என்பார் என் நாத்தனார். மூட்டை நிறையப் பிள்ளைகளுக்குப் பொம்மைதான்: பேசும் யானை, ஊதும் ரயில், தானாகக் குட்டிக்கரணம் போடும் குரங்கு. பக்கத்து வீட்டு வங்காளத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தீதி, துகான் கோல் தோ!" என்றாள். கடையே திறந்துவிடு என்கிறாள். யானையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும் என்ற நிலையில் அவளை என்ன சொல்வது?

நாலு சாமான் வெளியே, மற்றதெல்லாம் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் என்று வைத்தேன். மாட்டிக்கொண்டேன். நாத்தனார் வந்து இறங்கிய அன்று என் தம்பி தந்த ரயில் கூடத்தில் ஊதிக்கொண்டிருந்தது. அவருடைய யானையைக் காணோம். "பொறந்த வீட்டுச் சாமானுக்குத்தான் இங்க இடம்போல" என்றவர், ஊருக்குப் போய் நாலு மாதம் என்னோடு போனில் பேசவில்லை. ஊர்க்கதை பேச எனக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. வாய் துருப்பிடித்துப்போனது.

அதற்குப் பிறகுதான் சீட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'அத்தை' அல்லது 'மாமா'. யார் கப்பல் ஏறுகிறாரோ அவர் சாமான் வெளியே, மற்றவருடையது உள்ளே. இரண்டு வருஷம் ஒரு பிசகும் இல்லை.

போன மே மாதம் நாத்தனார் வந்தார். யானை வாசலிலேயே நின்று வரவேற்றது. அவர் பின்னாலேயே மூட்டையோடு என் தம்பி! அவன் வரவேண்டிய கப்பல் தள்ளிப்போய், சொல்லாமல் கொள்ளாமல் இதில் ஏறிவிட்டானாம். நான் உள்ளே ஓடிப்போய் ரயிலை இழுத்து வந்து கூடத்தில் வைத்தேன்.

ஐந்து வயது மகள் கேட்டாள்: "அம்மா, இன்னைக்கு அத்தை நாளுல்ல? மாமா ரயில ஏன் எடுத்த?"

"அதென்னடி அத்தை நாளு?" என்றார் நாத்தனார்.

மகள் அவர் கையைப் பிடித்துக் கட்டிலடிக்கே கூட்டிப்போய்விட்டாள். என் கணவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனவர்தான், ஆளையே காணோம். இன்னொரு நாலு மாதம் போச்சு என்று நான் நின்றேன். நாத்தனார் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிச் சீட்டைப் பார்த்தார். கூடத்துக்கும் வந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"என் பேர்ல பதினொண்ணு. என்ன தம்பி, உங்க பேர்ல ஒம்பதுதான் இருக்கு?"

"என் மூட்டைய இன்னும் பிரிக்கலியே அக்கா" என்றான் அவன்.

அவர் சிரித்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. "பெட்டி பத்தலைன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானடி! இதுக்கா நாள் பாத்து எடுத்து எடுத்து வெச்ச?"

ஊருக்குப் போனவர் அடுத்த கப்பலில் ஒரு மரப்பெட்டி அனுப்பினார். மூடியில் பெயிண்டால் கொட்டை எழுத்தில் 'அத்தை'. கட்டிலுக்கடியில் அது நுழையவில்லை, கூடத்தில் கிடக்கிறது. இப்போது தினமும் போனில் பெட்டியின் நலம் விசாரிக்கிறார்.

தம்பி வரும்போது மட்டும் அதன்மேல் மெத்தை விரித்து சோபா என்று சொல்லப்போகிறோம். மகளை அன்றைக்கு எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.