கன்னத்துத் தழும்பும் பதினான்கு காசும்

ஃபராமர்ஸ் தன் மனைவி தூபாவுக்குப் பதினான்கு தங்கக் காசு கடன்பட்டிருந்தார். மணமகன் மணமகளுக்குத் தருவதாக நிக்காஹ் பத்திரத்தில் எழுதிய மஹர் அது. நாற்பத்தோரு வருடமாக அவள் கேட்கவில்லை, அவர் கொடுக்கவுமில்லை. ஷீராஸில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

வியாழக்கிழமை மதியம் முட்டைக்கோஸ் சோற்றை வைத்துவிட்டு, "என் மஹர எடுத்து வைங்க" என்றாள்.

கழுதை முதுகில் இரண்டு ஜாடி நாரத்தைப்பூ நீரோடு தொடங்கி, யார் தயவுமில்லாமல் மூன்று கடை கண்டவர் அவர். எதிராளியின் பொய்யை முகத்திலேயே படித்துவிடுவார். அன்று அவள் முகத்தில் அவரால் ஒன்றும் படிக்க முடியவில்லை; பாதிச் சோற்றோடு எழுந்து போனார்.

கடைத்தெருவில் விஷயத்தைக் கேட்டுச் செப்புப் பாத்திரக்காரர் கியூமர்ஸ் சிரித்தார். "இந்த வயசுல மஹர் கேட்டா மூட்டையக் கட்டியாச்சுன்னு அர்த்தம் ஹாஜி! ஆமா, தினமும் புஸ்தகத்தோட எங்க போறாங்க?"

அதுதான் அவரையும் அரித்தது. எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பாம். அங்கே பழைய காதல் பாட்டுப் புத்தகம் எதற்கு? வீட்டுக்குத் திரும்பியதும், அவள் தொழப் போன நேரம் பார்த்து அதைப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது விலைச்சீட்டு எண்கள் மட்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லின் கீழ் பென்சில் கோடு! எவனோ ஒருவனின் பெயர்தான் என்று முடிவு கட்டினார்.

அவள் வந்ததும் விரலை ஊன்றிக் கேட்டார்: "யாரு இவன்?"

"மச்சம்."

"எந்த ஊரு?"

"ஐயோ, கன்னத்து மச்சங்க! புஸ்தகம் பூரா அதுதான். தழும்பு ஒரு எடத்துலயும் இல்ல." சிறுவயதில் மணல்கொசு கடித்துப் புண்ணாகி, தழும்பாய் ஆறிய இடது கன்னத்தைத் தொட்டாள். "பொண்ணு பாக்க வந்தப்ப, 'தழும்புள்ள கன்னத்துலதான் உள்ள எரியிற விளக்கு வெளிய தெரியும்'னு பாடினீங்க. பெரிய கவி பாட்டுன்னீங்க. அவரு புஸ்தகம்தான் இது. அத நம்பித்தான் சம்மதிச்சேன்."

"அதுக்கு மஹர் எதுக்கு?"

"பாட்டு பொய்யாப் போச்சு. பத்திரமாவது மெய்யான்னு பாக்கணும். யாரு எழுதிக் குடுத்தா?"

"எவனும் இல்ல. டீக்கடையில பாடினவன் மச்சம்னுதான் பாடினான். உனக்கு மச்சம் இல்லியே! இருந்ததச் சொன்னேன். நானே மாத்தினேன்."

"ஏன் மறைச்சீங்க?"

"கழுதைக்காரன் பாட்டுன்னா சிரிச்சிருப்ப."

அவள் சிரிக்கவில்லை. எதிராளியின் பொய்யைத் தேடும் வியாபாரிபோல் அவர் முகத்தைப் படித்தாள்.

"வாங்கிட்டுப் போயிடுவியா?" என்றார்.

"வகுப்புக்குத்தான் போவேன். அந்தப் பாட்ட என் கையால எழுதி, மச்சம் வர்ற பக்கத்துல சொருகணும். ஆனா காசு காசுதான். எண்ணுங்க."

பெட்டியைத் திறந்தார். விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு.