பராயிரே மாமாவின் வியாழக்கிழமைப் பேட்டி

மரேவாவின் வேலையே ஊராரின் மூச்சை அளப்பதுதான். ஆக்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய நுரையீரல் ஆராய்ச்சிக்காக, மாவோரி மக்கள் வாழும் ஹோக்கியாங்கா கரையோர வீடுகளுக்குப் போய் ஆட்களைக் குழாயில் ஊதச் சொல்லி, கேள்விகளும் கேட்டு வருவாள். பிறந்த ஊர் என்பதால் எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. தொல்லையும் அதுதான். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது மேலிடத்து உத்தரவு. ஹோக்கியாங்காவில் நலம் விசாரித்து முடிக்கவே அது போதாது.

அதிலும் பராயிரே மாமாவிடம் மாட்டிக்கொண்டால் பொழுது போனதே தெரியாது.

"எப்ப இருந்து மாமா மூச்சு வாங்குது?"

"காட்டை வெட்டிச் சாய்ச்சாங்கல்ல, அப்ப இருந்து."

"அது உங்க தாத்தா காலமாச்சே!"

"அதத்தான் சொல்றேன். மரத்தூளத் தின்னது அவரு, இருமுறது நான்."

மாவோரி மொழியிலும் நம் பேச்சைப் போலவே 'முன்' என்றால் கண்ணெதிரே இருப்பதும்தான், கடந்து போனதும்தான். நடந்தது எதிரே தெரிகிறது. வரப்போவது முதுகுப் பக்கம் இருக்கிறது. மரேவாவும் அப்படி நினைத்து வளர்ந்தவள்தான். ஆனால் மேலிடத்துக் கேள்விகளோ 'கடந்த மூன்று மாதங்களில்' என்று தொடங்கின. மாமா தாத்தாவை விட்டு இறங்கி வருவதற்குள் இருட்டிவிடும்.

"வியாழக்கிழமை வா, மிச்சத்த முடிச்சுடலாம்" என்றார் ஒருநாள்.

மாவோரியில் பராயிரே என்றால் வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையே வியாழக்கிழமை வரச் சொல்லுதே!" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலையில் மாமா போய்விட்டார்.

மறுநாள், தலையில் துக்கத்துக்கு அணியும் பச்சை இலை வளையத்தோடு மரேவா ஊர்ப் பொதுவீடான மராயேக்குப் போனாள். திறந்த பெட்டியில் மாமா படுத்திருந்தார். பக்கத்தில் பாய் மீது அவர் மனைவி ஹுஹானா. கட்டிப் பிடித்து அழுது ஓய்ந்ததும் ஹுஹானா கேட்டாள்.

"எங்கடி உன் கேள்வியெல்லாம்?"

"கார்ல இருக்கு அத்தை. இப்ப எதுக்கு?"

"இன்னைக்கு வியாழக்கிழமை. வரச் சொன்னாருல்ல? கேளு. இன்னைக்காவது காடு, தாத்தான்னு ஆரம்பிக்க மாட்டாரு."

"மாமாகிட்டயா?"

"பின்ன? காலைல இருந்து எல்லாரும் அவர்கிட்டதான பேசிட்டிருக்கோம்!"

அது உண்மைதான். வந்தவர்கள் எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தே ஏசினார்கள், கொஞ்சினார்கள். மரேவா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மாமா, புகை பிடிப்பீங்களா?"

"இல்லேம்பான், நம்பாத" என்றார் மாமாவின் தம்பி எருவேரா. "படகுக் கொட்டகைக்குப் பின்னால தினமும் ஊதுவான்."

ஹுஹானா பெட்டிப் பக்கம் திரும்பினாள். "அட மனுஷா! கொசு விரட்டப் போறேன்னுதான சொன்ன?"

மராயே குலுங்கியது. அதன் பிறகு கேட்காமலே பதில்கள் வந்தன. மரம் அறுக்கும் ஆலையில் மாமாவின் அப்பா இருமியது, வீட்டுக் கூரையில் பூசணம் படர்ந்தது, மகள் கிரியும் மழைக்காலத்தில் மூச்சுக்குத் திணறுவது. கிரி அம்மாவை முறைத்தாள். அதுவரை யாருக்கும் சொல்லாத சேதி அது.

கடைசிக் கேள்வியில் மரேவாவின் குரல் உடைந்தது. "அடுத்த வருஷமும் இந்த ஆராய்ச்சியில இருப்பீங்களா, மாமா?"



"இருப்பாருன்னு எழுது" என்றாள் ஹுஹானா. "நாங்க இருக்கோம்ல?"

இறந்தவர் பேட்டியைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார் ஆராய்ச்சியை நடத்திய ஆக்லாந்துப் பேராசிரியை. மரேவாவும் ஒப்புக்கொண்டாள்.

"ஆனா தனித்தனியா கேக்குறத விட்டுட்டு, குடும்பமா உக்கார வச்சுக் கேட்டுப் பாருங்க மேடம். நீங்களே ஒரு தடவ வாங்களேன்."

மதியம் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்த பேராசிரியை, இரண்டு நாள் தங்கி, ஊரார் கொடுத்த ஒரு சாக்கு நிறையச் சிப்பியோடு ஊர் திரும்பினார். அடுத்த சுற்றிலிருந்து ஒரு மணி நேரக் கெடு நீக்கப்பட்டது; வீடு வீடாகக் குடும்பங்களே உட்கார்ந்து பேசின.

முதலில் ஊதியவள் கிரி. ஊதுகுழாயின் அளவு முள் பாதி வழியிலேயே நின்றது. மருந்து தொடங்கினார்கள், எருவேரா ஆட்களைச் சேர்த்துப் பூசணம் பிடித்த கூரையைப் பிரித்து மாற்றினார். மழை பிடித்துக்கொண்ட மாதத்தில், கிரி புதுக் கூரைக்குக் கீழே மூச்சு வாங்காமல் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.