நடத்தாத பாடம்

திருநெல்வேலியில் நான்குவழிச் சாலையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஹோட்டலில் பயிற்சி மேலாளராகச் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து. அதுவரை ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பில் நின்றவள். கேட்டரிங் படிக்கப் போனதற்காக ஓராண்டு என்னோடு பேசாமல் இருந்த அப்பா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், "பரவால்ல, நீயும் பாடந்தான நடத்தப் போற" என்று அன்றைக்குத்தான் சமாதானமானார்.

ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. அறைகளைச் சுத்தம் செய்ய இருபது பெண்கள் வேண்டும். பாளையங்கோட்டையில் ஒருவரும் வரவில்லை. ஹோட்டல் வேலை என்றாலே வீட்டில் முகம் சுளித்தார்கள். முக்கூடலுக்குப் போய், பீடி சுற்றும் வீடுகளாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் நாற்பது வயது தாண்டிய அக்கா ஒருவர், மடியிலிருந்த தட்டை இறக்காமலே கேட்டார்.

"இங்கிலீஷ் பேசணுமா டீச்சர்?"

"குட் மார்னிங் சொன்னாப் போதும்க்கா."

"அதச் சொல்லிருவேன். இந்தப் பொகையில நெடிய விட்டு வெளிய போனாப் போதும்."

அவரே தெருவில் இன்னும் ஆறு பேரைச் சேர்த்துக்கொடுத்தார். அவர் கூப்பிட்டதைப் பார்த்து எல்லோருக்கும் நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

பயிற்சிக்குப் பத்து நாள் ஒதுக்கியிருந்தேன். படுக்கை விரிப்பது, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது, தங்கியிருப்பவரின் பொருளை இடம் மாற்றாமல் துடைப்பது. எட்டாம் நாள் பாடம் சுத்தம் செய்யும் திரவங்கள் பற்றியது. எது எதற்கு, எதை எதோடு கலக்கக் கூடாது என்பது அதில் வரும்.

ஆறாம் நாள் மதியம் பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அறைகள் வேண்டுமாம். மறுநாளே பெண்கள் மாடி அறைகளில் வேலை தொடங்கவேண்டும். "மிச்சத்த வேல பாத்துக்கிட்டே படிச்சுக்கிடுவாவ" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பத்து நாளுக்குமான கையெழுத்தை முதல் நாளே பதிவேட்டில் எல்லோரிடமும் வாங்கி வைத்திருந்தேன். நான் பார்த்த இடங்களில் அப்படித்தான் நடந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலை. மாடிக் குளியலறையில் கறை போகவில்லை என்று மேற்பார்வையாளர் அந்த அக்காவைத் திட்டியிருக்கிறார். அக்கா பிளீச்சிங் கரைசலை ஊற்றினார். அதற்கும் போகாததால், அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். சத்தம் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சாத்தியிருந்தார். இரண்டும் கலந்து கிளம்பிய நச்சு வாயு உள்ளேயே நின்றது.

நான் ஓடிப்போனபோது வெளியே தவழ்ந்து வந்து அறைக் கம்பளத்தில் குப்புறக் கிடந்தார். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தார். நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பொது மேலாளர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். "எட்டாம் நாள் கையெழுத்து இருக்கே. சொல்லிக்குடுத்தீங்கள்லா?"

"ஆமா சார்."

ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை தயாரானது. அதில் நானும் கையெழுத்திட்டேன். அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு, அதே முதலாளியின் மற்ற இரண்டு ஹோட்டல்களுக்கும் என்னையே பயிற்சி மேலாளராக்கினார்கள்.

புதிய ஆட்கள் தேடி மறுபடி முக்கூடல் போனபோது அந்த அக்காவின் வீட்டைக் கடந்து போக முடியவில்லை. உள்ளே போனேன். கட்டிலில் இருந்து எழப் பார்த்தார், மூச்சு வாங்கியது, உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன் டீச்சர். நீங்க சொல்லித்தான் இருப்பிய. என்னைக்குச் சொன்னியன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. இப்பம்லாம் அடுப்ப அணச்சமான்னு நாலு தடவ போய்ப் பாக்கேன். புத்தி பிசகிட்டோன்னு பயமா இருக்கு."

என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டு நான் அங்கே போகவில்லை. வாயில் வந்துவிட்டது.

"நான் சொல்லலக்கா. அந்தப் பாடத்த நடத்தவே இல்ல."

"கையெழுத்துப் போட்டனே?"

"அது மொத நாளே வாங்குனது."

 அவர் கதவருகில் நின்ற மகளிடம் திரும்பினார். "கேட்டியாட்டி? நான் மறக்கல." மறுபடியும் அதையே சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்து, அழுகை இருமலாகிவிட்டது. மகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"இத அன்னைக்கே சொன்னா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்? எந்திரிச்சுப் போங்க" என்றாள் என்னிடம்.

எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி, நிர்வாகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் கொடுத்தேன். அந்த வாரமே என்னை வெளியே அனுப்பினார்கள். பயிற்சி வேலைக்கு வேறு எந்த ஹோட்டலும் என்னைக் கூப்பிடவில்லை. பழைய லாட்ஜிலேயே மறுபடி வரவேற்பில் நிற்கிறேன். அப்பா காரணம் கேட்டார். சொன்னேன். 

நான் எழுதிக் கொடுத்ததன்பேரில் தொழிலாளர் அலுவலகத்தில் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. விசாரணை நாட்களில் அந்த அக்கா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். படியேற முடியாததால் அதிகாரி கீழே இறங்கி வந்து கேட்கிறார். மகள் என் பக்கம் திரும்புவதில்லை. அக்கா மட்டும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார். நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.